டையூவில் நிற்கும் குக்ரி 1971-இல் மூழ்கிய அதே கப்பலா?

கேள்வி: கடற்காற்று

வணக்கம். எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி சுற்றுகிறது. டையூவில் சாம்பல் நிறப் போர்க்கப்பல் ஒன்று நிற்கிறது. பின்னணிக் குரல், "1971 போரில் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்த ஐ.என்.எஸ். குக்ரி இதுதான். கடலடியிலிருந்து மீட்டுப் புதுப்பித்து நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள்" என்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் கைகூப்பும் குறி போட்டுவிட்டார்கள்.

எனக்கு இது இடிக்கிறது. ஐம்பது வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த இரும்பு இப்படியா இருக்கும்? தேடிப் பார்த்தால் குழப்பம் கூடியதுதான் மிச்சம். ஓரிடத்தில் குக்ரி 1971-இல் மூழ்கியது என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 2021-இல் ஓய்வு பெற்றது என்று இருக்கிறது. விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் கதையும் அப்படித்தான். பழைய இரும்புக்கு விற்று உடைத்தாயிற்று என்றும் படித்தேன், கொச்சியிலிருந்து புதிதாகப் புறப்பட்டது என்றும் படித்தேன்.

டையூவில் நிற்பது எந்தக் கப்பல்? மூழ்கிப்போன கப்பலின் பெயரையே திரும்ப வைப்பார்களா? எங்கள் வீட்டில் பெரியவர்கள், "மூழ்கினதோட பேரையா வைப்பாங்க, ராசி பார்க்க மாட்டாங்களா" என்று கேட்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று கப்பல் இருந்தால், படிக்கும்போது எது எது என்று எப்படிப் பிரிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடிமரம்

தம்பி, அது வேறு கப்பல். சந்தேகமே வேண்டாம்.

நான் கடற்படையில் சிக்னல் பிரிவில் இருந்தவன். தொலைவில் ஒரு கப்பல் தெரிந்தால் அது யார் என்று முதலில் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. அதனால் இந்தப் பெயர்க் குழப்பத்தைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1971 குக்ரி, எண் எஃப் 149. பிரிட்டனில் கட்டப்பட்டு 1958-இல் நம் கடற்படைக்கு வந்த சிறிய ஃபிரிகேட் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல் வகை). பிளாக்வுட் வகை. நீர்மூழ்கியை வேட்டையாடுவதற்கென்றே மலிவாகவும் வேகமாகவும் கட்டிய வகை அது. கப்பலைத் தள்ள ஒரே ஒரு சுழலி (புரொப்பெல்லர்), சில 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கிகள், நீர்மூழ்கி எதிர்ப்புக்கு லிம்போ என்ற மோர்ட்டார் இரண்டு. அவ்வளவுதான் ஆயுதம். ஏவுகணை கிடையாது, ஹெலிகாப்டர் இறங்கத் தளமும் கிடையாது. 1971 டிசம்பர் 9 இரவு டையூவுக்கு ஏறக்குறைய 40 கடல் மைல் தொலைவில் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்பிடோ தாக்கிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா, தப்பிக்க வழியிருந்தும் கப்பலோடேயே இருந்துவிட்டார். அவருக்கு மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. அந்தக் கப்பல் இன்றும் கடலடியில்தான் கிடக்கிறது. யாரும் அதை மேலே தூக்கவில்லை.

காணொளியில் நீங்கள் பார்த்தது 1989 குக்ரி, எண் பி 49. மும்பை மசகான் கப்பல் தளத்தில் நாமே கட்டிய கொர்வெட், அதாவது ஃபிரிகேட்டைவிடச் சிறிய போர்க்கப்பல் வகை. 1989 ஆகஸ்ட் 23-இல் சேவையில் சேர்ந்தது, 2021 டிசம்பர் 23-இல் ஓய்வு பெற்றது. 32 வருடம் ஓடிய கப்பல். அடுத்த மாதமே அருங்காட்சியகமாக்குவதற்காக டையூ நிர்வாகத்திடம் ஒப்படைத்தார்கள். முன்பக்கம் 76 மி.மீ. பீரங்கி, ஏவுகணைகள், பின்பக்கம் சேத்தக் ஹெலிகாப்டர் இறங்கும் தளம். காணொளியை நிறுத்திப் பின்பக்கத்தைப் பாருங்கள். அந்தத் தளம் தெரிந்தால் அது 1971 கப்பலாக இருக்க வழியே இல்லை.

டையூவில் ஏற்கெனவே ஒரு குக்ரி நினைவிடம் உண்டு. கடலைப் பார்த்த மேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் கப்பலின் சிறு மாதிரி ஒன்று இருக்கும். அந்த மாதிரி எஃப் 149-உடையது. ஆக, ஒரே ஊரில் மாதிரி வடிவில் மூத்த குக்ரி, முழு உருவில் இளைய குக்ரி. குழப்பம் வராமல் என்ன செய்யும்? மீட்டெடுத்த கப்பல் என்று சொல்வது 32 வருடம் ஓடிய கப்பலையும் மறைக்கிறது, கடலடியில் கிடக்கும் 194 பேரையும் மறைக்கிறது. எனக்கு வருத்தம் அதில்தான்.

அடுத்து, எண். கடலில் எதிரே வரும் கப்பலின் பெயர் கண்ணுக்குத் தெரியாது. பெயர் பின்பக்கம் சிறிதாகத்தான் எழுதியிருக்கும். பைனாகுலரில் முதலில் பிடிபடுவது பக்கவாட்டில் பெரிதாக எழுதிய எண்தான். நம் கடற்படையில் பெயரைத் திரும்ப வைக்கும்போது எண்ணின் வாலையும் பல நேரம் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். குக்ரி எஃப் 149, பிறகு பி 49. கிர்பான் எஃப் 144, பிறகு பி 44. குதார் எஃப் 146, பிறகு பி 46. தல்வார் எஃப் 140, பிறகு எஃப் 40. திரிசூல் எஃப் 143, பிறகு எஃப் 43. மைசூர் குரூசர் (ஃபிரிகேட்டைவிடப் பெரிய போர்க்கப்பல்) சி 60, அப்புறம் வந்த மைசூர் நாசகாரிக் கப்பல் டி 60. முதல்முறை இதைக் கவனிக்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். யாரோ ஒருவர் தலைமையகத்தில் உட்கார்ந்து பழைய பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்த வேலை அது.

ஆனால் எண்ணை மட்டும் நம்பினாலும் வழுக்கும். விக்ராந்த் இரண்டுக்கும் ஆர் 11 என்ற ஒரே எண். முதலாவது 1961-இல் பெல்ஃபாஸ்டில் சேவையில் சேர்ந்து 1997-இல் ஓய்வு பெற்றது. மும்பையில் அருங்காட்சியகமாக நின்று, 2014-இல் உடைக்கப்பட்டது. இரண்டாவது 2022 செப்டம்பர் 2-இல் கொச்சியில் சேர்ந்தது, எடையில் முதலாவதைவிட இரு மடங்குக்கு மேல். நீர்மூழ்கிகள் இன்னும் மோசம். பழைய கல்வரி எஸ் 23, பழைய கரஞ்ச் எஸ் 21. இப்போது ஓடும் கல்வரி எஸ் 21, கரஞ்ச் எஸ் 23. அப்படியே இடம் மாறிவிட்டது! பெயர், எண், வருடம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் யார் என்று தெரியும்.

இதில் எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம் ராஜ்புத். 1971-இல் விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி மீது ஆழ்குண்டு வீசியதாக நம் பதிவுகளில் இருக்கும் ராஜ்புத், இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் கப்பல். பழைய பெயர் ரோதர்ஹாம், நம்மிடம் எண் டி 141. அது 1976-இலேயே ஓய்வு பெற்றுவிட்டது. 2021 மே 21-இல் ஓய்வு பெற்றது சோவியத் ஒன்றியத்தில் கட்டி 1980-இல் சேர்ந்த டி 51. அதற்கும் காஸிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் "காஸியை மூழ்கடித்த ராஜ்புத் விடைபெற்றது" என்று எழுதுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அப்படி எழுதும்போது டி 141-இல் அன்றிரவு நின்றிருந்தவர்களின் உழைப்பு, அன்று கட்டப்படவே கட்டப்படாத கப்பலின் கணக்கில் ஏறிவிடுகிறது.

ராசி விஷயம்: கடற்படைகள் அப்படிப் பார்ப்பதில்லை. போரில் போன கப்பலின் பெயரை எடுத்து வேண்டுமென்றே அடுத்த கப்பலுக்கு வைப்பார்கள். 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டன் இழந்த ஷெஃபீல்டு, கோவென்ட்ரி இரண்டு பெயர்களும் அதே பத்தாண்டுக்குள் புது ஃபிரிகேட்களுக்குப் போயின. ஜப்பானிய விமானங்கள் 1941 டிசம்பர் 10-இல் மலாயா கடலில் மூழ்கடித்த போர்க்கப்பல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். இன்று அந்தப் பெயரில் இருக்கும் விமானந்தாங்கியை அவர்கள் சேவையில் சேர்த்த நாள் 2019 டிசம்பர் 10. தேதியைக்கூட விடவில்லை.

கரையோரம்

ஐயா சொன்ன தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூழ்கிய கப்பலின் பெயரைத் திரும்ப வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பெயர் அந்த ஆட்களோடு இருந்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் போர்க்குரூசர் ஹூட் 1941 மே 24-இல் வெடித்து மூழ்கியபோது 1,415 பேர் இறந்தார்கள், பிழைத்தது மூன்றே பேர். அதற்குப் பிறகு பிரிட்டன் வேறெந்தப் போர்க்கப்பலுக்கும் ஹூட் என்று பெயர் வைக்கவில்லை. அதனால் இன்று யாராவது ஹூட் என்றால் யாரைச் சொல்கிறார்கள் என்று விளக்கமே தேவையில்லை. குக்ரிக்கும் அப்படி விட்டிருந்தால் இந்தக் காணொளியே வந்திருக்காது, இல்லையா? கடற்காற்றின் உறவினர்கள் ஏமாந்ததற்குக் காரணமே இரண்டாவது குக்ரிதான்.

கொடிமரம்

கரையோரம், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஹூட் விஷயத்தில் நீங்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கப்பலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கரையில் கட்டிய நினைவிடத்துக்குப் போகிறவர்கள் விருப்பப்பட்டுப் போகிறவர்கள். கப்பல் அப்படி இல்லை. இளைய குக்ரியில் ஒரு நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். போஸ்டிங் மாறி மாறி 32 வருடத்தில் எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள் என்று யோசியுங்கள். அந்தக் கப்பலுக்குப் போஸ்டிங் வாங்கி வந்தவன் எவனும் கேப்டன் முல்லா யார் என்று தெரியாமல் இறங்கியிருக்க மாட்டான். பத்தொன்பது வயதுப் பையன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறான். அவன் தொப்பி நாடாவில் குக்ரி என்று போட்டிருக்கிறது. யாருடைய பெயர் அது என்று முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். பெயரைப் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பையன் டிசம்பர் 9-ஐ ஒரு பாடமாகப் படித்துவிட்டு மறந்திருப்பான்.

குழப்பத்துக்குக் காரணம் பெயரில்லை, பெயரோடு வருடத்தைச் சொல்லாமல் விடுகிற சோம்பல். ஆனால் சில இடங்களில் வருடம்கூடப் போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விமானந்தாங்கி லெக்சிங்டன், எண் சி.வி. 2, பவளக்கடல் போரில் 1942 மே 8-இல் மூழ்கியது. அப்போது மாசசூசெட்ஸில் அதே கப்பல் தளத்தில், கேபட் என்ற பெயரில் இன்னொரு விமானந்தாங்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் லெக்சிங்டனைக் கட்டியதே அந்தத் தளம்தான். தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதால் பெயரை லெக்சிங்டன் என்று மாற்றினார்கள். அது 1943 பிப்ரவரியில் சேவைக்கு வந்துவிட்டது, எண் சி.வி. 16. யார்க்டவுன், ஹார்னெட், வாஸ்ப் மூன்றுக்கும் இதே கதை. அதே போர், அதே கடல், பெயரும் அதே, கப்பல் மட்டும் வேறு. இரண்டாவது லெக்சிங்டன் மூழ்கிவிட்டது என்று ஜப்பான் பலமுறை அறிவித்தும் அது மூழ்கவே இல்லை. இப்போது டெக்சாஸில் அருங்காட்சியகமாக நிற்கிறது. முதலாவதின் உடைந்த உடலை 2018-இல்தான் கடலடியில் கண்டுபிடித்தார்கள்.

வெண்சங்கு

இந்தத் திரியைப் படித்ததும் எங்கள் தாத்தாவின் பணிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அவர் கடற்படையில் ஸ்டோக்கராக, அதாவது கொதிகலன் அறைத் தொழிலாளியாக இருந்தவர். ஒரு பக்கத்தில் 1949-இல் "எச்.எம்.ஐ.எஸ். டெல்லி" என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில் 1951-இல் "ஐ.என்.எஸ். டெல்லி" என்று இருக்கிறது. இவை இரண்டு கப்பல்களா? இணையத்தில் தேடினால் 1997-இல் சேர்ந்த டெல்லி வருகிறது, அது தாத்தா காலத்துக்கு ரொம்பப் பிந்தியது. இன்னொரு "எச்.எம்.எஸ். டெல்லி" 1918-இல் கடலில் இறக்கியது என்றும் வருகிறது. தாத்தா எதில் இருந்தார் ஐயா?

கொடிமரம்

அம்மா, உங்கள் தாத்தா சான்றிதழில் இருப்பது ஒரே கப்பல். 1950 ஜனவரி 26-இல் நாம் குடியரசானதும், மன்னரின் இந்தியக் கப்பல் என்ற முன்னொட்டு போய் ஐ.என்.எஸ். வந்தது. கப்பல் மாறவில்லை. உங்கள் தாத்தாவும் அதே கொதிகலன் அறையில்தான் இருந்திருப்பார்.

அந்தக் கப்பலுக்கு அதற்கு முன்னால் அக்கிலிஸ் என்று பெயர். லியாண்டர் வகைக் குரூசர். 1939 டிசம்பர் 13-இல் தென் அமெரிக்கக் கரையோரம் ரிவர் பிளேட் சண்டையில் அஜாக்ஸ், எக்சிட்டர் கப்பல்களோடு சேர்ந்து ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீ போர்க்கப்பலை விரட்டியது. அன்று அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நியூசிலாந்துக்காரர்கள். 1948 ஜூலை 5-இல் நமக்கு வந்து டெல்லியானது. 1956-இல் அந்தச் சண்டையைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் படம் வந்தபோது, அக்கிலிஸாக நடித்தது நம் டெல்லியேதான். தன் பழைய பெயரில் தானே நடித்த கப்பல்! 1961-இல் டையூவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து எடுத்தபோது அங்கே நின்றதும் இந்த டெல்லி. 1978-இல் ஓய்வு பெற்றது. அதன் பீரங்கிக் கோபுரம் ஒன்றை இந்திய அரசு நியூசிலாந்துக்குப் பரிசாகக் கொடுத்தது. ஆக்லாந்தில் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தின் வாசலில் அது இருக்கிறது.

நீங்கள் தேடலில் பார்த்த 1918 எச்.எம்.எஸ். டெல்லி முற்றிலும் வேறு. அது பிரிட்டனுடைய சொந்தக் குரூசர். கடைசிவரை அவர்களிடமே இருந்து 1948-இல் உடைக்கப் போனது. ஒரு டெல்லி உடைக்கப் போன வருடமே இன்னொரு டெல்லி நம்மிடம் பிறந்ததால் பலர் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிடுகிறார்கள். முன்னொட்டில் 'ஐ' என்ற ஒரெழுத்துதான் வித்தியாசம். உங்களிடம் இருக்கும் சான்றிதழில் அந்த எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் தாத்தா அக்கிலிஸில் இருந்தவர் என்று தைரியமாகச் சொல்லலாம்.

உப்பளம்

பெயர் தொடர்ச்சி என்றால் எம்டனை விட்டுவிட முடியுமா? 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்தான். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். அதைப் பற்றி நமக்கு நிறையவே தெரியும். அதற்குப் பிறகு வந்த எம்டன்களைத்தான் நாம் பேசுவதில்லை.

1914 நவம்பர் 9-இல் கோக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அடித்த அடியில் முதல் எம்டன் தரைதட்டி முடிந்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஜெர்மனி இரண்டாவது எம்டனைக் கட்டியது. முதல் எம்டனுக்கு ஜெர்மன் பேரரசர் கைசர் கொடுத்த இரும்புச் சிலுவை விருதை அதன் முகப்பில் பொருத்தியிருந்தார்கள். 1919 ஜூனில் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் பிரிட்டன் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் கப்பல்களை ஜெர்மானியரே மூழ்கடித்தபோது, அதற்கு உத்தரவு போட்ட அட்மிரல் ராய்ட்டர் இந்த எம்டனில்தான் இருந்தார். வேடிக்கை என்னவென்றால், அந்த எம்டனையே பிரிட்டிஷார் மூழ்கவிடாமல் கரைக்கு இழுத்துவிட்டார்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனி கட்டிய முதல் பெரிய போர்க்கப்பலும் 1925-இல் எம்டன் என்றே கடலில் இறங்கியது. 1930-களில் கொஞ்ச காலம் அதன் கேப்டனாக இருந்தவர், பின்னாளில் ஜெர்மன் கடற்படைத் தலைவரான கார்ல் டோனிட்ஸ். பிறகு 1961-இல் ஒன்று, 1983-இல் ஒன்று, இரண்டும் ஃபிரிகேட். இப்போதைய எம்டன் ஒரு கொர்வெட், எண் எஃப் 266. முதல் எம்டனில் பிழைத்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ளக்கூட ஜெர்மனி அனுமதி கொடுத்தது.

கொடிமரம்

உப்பளம், அருமை. அந்தப் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்டனை வீழ்த்திய சிட்னியின் பெயரும் இன்னும் ஓடுகிறது. இரண்டாவது சிட்னி 1941 நவம்பர் 19-இல் ஜெர்மனியின் கோர்மொரான் கப்பலோடு சண்டையிட்டு, இருந்த 645 பேரில் ஒருவர்கூட மிஞ்சாமல் மூழ்கியது. கப்பல் எங்கே கிடக்கிறது என்று 2008 வரை யாருக்கும் தெரியாது. அதற்காக ஆஸ்திரேலியர்கள் அந்தப் பெயரை மூடி வைக்கவில்லை. அடுத்தது ஒரு விமானந்தாங்கி, அதற்கடுத்து ஃபிரிகேட், இப்போது 2020-இல் சேர்ந்த நாசகாரிக் கப்பல். அவர்கள் வழக்கப்படி ஒரு கப்பல் வாங்கிய போர்க் கௌரவங்கள் அதே பெயரில் அடுத்து வரும் கப்பலுக்குப் போகும். அதனால் ஐந்தாவது சிட்னியின் பலகையிலும் "எம்டன் 1914" என்று இருக்கிறது. "கோர்மொரான் 1941" என்றும் இருக்கிறது. கரையோரம் கேட்டதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. வெற்றியும் இழப்பும் ஒரே பலகையில், எந்த வருடம் என்ற விவரத்தோடு.

வருடத்தை விட்டால் அருங்காட்சியகமே ஏமாறும். அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்தில் கான்ஸ்டலேஷன் என்ற பாய்மரப் போர்க்கப்பல் நிற்கிறது. 1955-இல் அங்கே கொண்டுவந்தார்கள். 1797-இல் கடலில் இறங்கிய புகழ்பெற்ற ஃபிரிகேட் அதுதான் என்று சொல்லி, அந்தக் காலத்துத் தோற்றம் வரும்படி உடம்பையே மாற்றிக் கட்டினார்கள். உண்மையில் பழைய ஃபிரிகேட்டை 1853-இல் உடைத்துவிட்டு, அதே தளத்தில் அதே பெயரில் 1854-இல் இறக்கிய புதுக் கப்பல் அது. பல பத்தாண்டு வாதம் நடந்தது. 1991-இல் வந்த ஆய்வில், பழைய கப்பல்தான் என்று காட்டப் பயன்பட்ட ஆவணங்களில் போலிகள் இருந்தது வெளியானது. அதன் பிறகு 1990-களில் திரும்பவும் பிரித்து, 1854 தோற்றத்துக்கே கொண்டுவந்தார்கள். அந்த இரண்டாவது கான்ஸ்டலேஷனுக்குச் சொந்தமாகவே பெரிய கதை உண்டு. ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வணிகக் கப்பல்களைப் பிடித்த கப்பல் அது. மூத்த கப்பலின் வேஷத்தைப் போட்டுவிட்டதில் அந்தக் கதையை எத்தனை வருடம் யாரும் கேட்காமலே இருந்தார்கள்!

கடற்காற்று

எல்லாருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பேச்சைக் கேட்டுக் காணொளியை நிறுத்திப் பார்த்தேன். பின்பக்கம் ஹெலிகாப்டர் தளம் தெரிகிறது, பக்கவாட்டில் 49 என்ற எண்ணும் தெரிகிறது. குழுவில் போடுவதற்குச் சுருக்கமாக எப்படி எழுதலாம்? அப்புறம், குக்ரியை அடித்த ஹங்கோர் என்ன ஆயிற்று? அந்தப் பெயரிலும் இன்னொன்று உண்டா?

கொடிமரம்

இப்படிப் போடுங்கள்: "டையூவில் நிற்பது 1989-இல் சேவையில் சேர்ந்து 2021-இல் ஓய்வு பெற்ற ஐ.என்.எஸ். குக்ரி, பி 49. 1971 டிசம்பர் 9-இல் மூழ்கிய ஐ.என்.எஸ். குக்ரி, எஃப் 149, கடலடியிலேயே இருக்கிறது. அதன் நினைவாக வைத்த பெயர் இது." இதற்கு மேல் வேண்டாம். காணொளி போட்டவரைத் திட்டியும் எழுதாதீர்கள், நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார்.

ஹங்கோர் 2006-இல் ஓய்வு பெற்றது. கராச்சியில் கடற்படை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அது 1971-இல் டார்பிடோ விட்ட அதே நீர்மூழ்கிதான், பெயர் வாங்கிய இளையது இல்லை. ஆனால் அங்கேயும் குழப்பத்துக்கு நாள் குறித்தாயிற்று. சீனாவில் பாகிஸ்தானுக்காகக் கட்டும் புது நீர்மூழ்கி வரிசைக்கே ஹங்கோர் வகை என்று பெயர். முதலாவது 2024 ஏப்ரலில் கடலில் இறங்கியது, அதன் பெயரும் ஹங்கோர். காஸியும் அப்படித்தான். 1971-இல் மூழ்கியது பழைய அமெரிக்க நீர்மூழ்கி. நான்கே வருடத்தில் போர்ச்சுகலிடம் வாங்கிய வேறொன்றுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஆகவே பாகிஸ்தான் காஸி, ஹங்கோர் என்று எதைப் படித்தாலும் முதலில் வருடத்தைத் தேடுங்கள் தம்பி.

வெண்சங்கு அம்மா, தாத்தா சான்றிதழில் 1951-க்குப் பிறகு வேறு கப்பல் பெயர்கள் இருந்தால் வருடத்தோடு இங்கே எழுதுங்கள். எது எது என்று பார்த்துச் சொல்கிறேன்.